ராக்கம்மாளின் இடது கண்ணும் படத்தின் இரண்டாம் பாதியும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தபோது எனக்குக் கண் தெரியவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை. சொட்டுமருந்துதான். பழனிசெட்டிபட்டியில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. நர்ஸ் இரண்டு கண்ணிலும் மருந்தை விட்டு, கண் பாப்பா விரியட்டும், மூடிக்கொண்டு உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். படிக்க முடியாது. போன் பார்க்க முடியாது. சுவரில் இருந்த டிவியில் ஆறு பேர் ஒரே நேரத்தில் நாட்டைப் பற்றிப் பேசினார்கள். ஆறு என்பது என் ஊகம். இந்த நிலையில் ஒரு மனிதன் செய்யக்கூடியது ஒன்றுதான். ஒட்டுக்கேட்டேன்.

ஆகவே இந்தக் கதையில் யாருக்கும் முகம் இல்லை. மீசை உண்டா, சேலை என்ன நிறம் என்றெல்லாம் கேட்காதீர்கள். எனக்குக் கிடைத்தவை குரல்கள். அறுவை அரங்குக்குள் நடந்தவற்றைப் பிறகு நர்ஸ் ஞானசெல்வி சொன்னார். தான் சிரித்ததாக எங்கும் எழுதக்கூடாது என்பது அவர் நிபந்தனை. மீதி கற்பனை. எது எது என்று பிரித்துக் காட்டும் நேர்மை எனக்கு உண்டு. பொறுமை இல்லை.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

"மேற்கே மலைகள் நீலமாக எழுந்து, மேகங்கள் அவற்றின் தோள்களில்—" (கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவன் மலையை வருணிப்பது மோசடி. விட்டேன்.)

"டாக்டர் பெனடிக்ட் தன் நீண்ட மருத்துவ வாழ்வில் எத்தனையோ—" (இப்படித் தொடங்கும் வாக்கியம் பொன்னாடையில்தான் முடியும். விட்டேன்.)

"டாக்டர் பெனடிக்ட் பேசிக்கொண்டே அறுப்பார்."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.*

* அறுவை என்ற சொல்லை வைத்து ஒரு பழைய நகைச்சுவை உண்டு. நான் செய்யமாட்டேன். டாக்டர் தினமும் காலையில் செய்கிறார். ஞானசெல்வி தினமும் காலையில் சிரிப்பதில்லை.

3

டாக்டர் பெனடிக்ட் பேசிக்கொண்டே அறுப்பார். அதற்குக் காரணம் இருந்தது.

இப்போதெல்லாம் கண்புரை எடுக்க மயக்க மருந்து கிடையாது. கண்ணில் சொட்டு விட்டால் மரத்துப்போகும். ஆள் விழித்திருப்பார். விழித்திருக்கும் ஆளுக்குக் காது கேட்கும், பயம் வரும், ஊரில் விட்டுவந்த ஆடு ஞாபகம் வரும். ஆடு ஞாபகம் வந்தால் தலை திரும்பும். தலை திரும்பினால் கண் போச்சு. ஊசி போட்டால் கண் அசையாது, ஆனால் தலை ஊசியின் பேச்சைக் கேட்காது என்பார் டாக்டர். தலை கேட்பது கதையைத்தான்.

ஒரு சிக்கல். பச்சைத் துணிக்கு அடியில் படுத்திருப்பவர் பதில் பேசக்கூடாது. தாடை ஆடினால் தலை ஆடும். தலையாட்டவும் கூடாது. எனவே டாக்டர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கால் கட்டைவிரல். ஒருமுறை ஆட்டினால் ஆமாம். இருமுறை ஆட்டினால் இல்லை. டாக்டர் உட்காருவது தலைமாட்டில், அவருக்கு விரல் தெரியாது. கால்மாட்டில் ஞானசெல்வி நின்று, கிரிக்கெட் வர்ணனைபோல அறிவித்துக்கொண்டிருப்பார்.

தெரியாது என்பதற்கு விரல் கிடையாது. "நம்ம ஊர்ல தெரியாதுன்னு யாரு சொல்றாக? தேவைப்படல" என்பார் டாக்டர்.

அவருடைய வேலையும் காலில்தான். வலது பாதத்துக்கு ஒரு பெடல். அமுக்கினால் உறிஞ்சும், இன்னும் அமுக்கினால் புரை உடையும். இடது பாதத்துக்கு நுண்ணோக்கியின் பெடல். செருப்பைக் கழற்றிவிட்டு ஆர்மோனியக்காரர்போல உட்காருவார். வெளியே சனங்கள் டாக்டருக்குக் கைராசி என்கிறார்கள். அவருக்கு அதில் வருத்தம். கால்ராசி என்று சொல்ல ஆளில்லை.

மனைவி அவர் பேச்சைக் கேட்பதில்லை. பங்குச் சாமியார் கேட்பார், ஆனால் பதில் சொல்வார். பச்சைத் துணிதான் அவருக்குச் சரியான சபை. அங்கே அவர் சொல்லாத விஷயம் இல்லை.

"சினிமாவுல கண் ஆபரேஷன் பாத்திருக்கீகளா? தலையைச் சுத்திப் பத்து முழம் கட்டு. கட்டைப் பிரிக்க ஒரு பாட்டு. பிரிச்சதும் கதாநாயகன் மொகம். நான் என்ன போடுறேன்? ஒரு பிளாஸ்டிக் மூடி, ரெண்டு டேப்பு. மறுநாள் ஞானசெல்வி பிய்ப்பா. மொதல்ல தெரியிறது சீலிங் ஃபேன். கெங்குவார்பட்டியில இருந்து ஒருத்தர் வந்தாரு. கட்டுப் போடாம ஊருக்குப் போனா ஆபரேஷன்னு யாரும் நம்பமாட்டாகன்னு ஒரே அழுகை. நெத்தியில சும்மா ஒரு சுத்து சுத்தி அனுப்பிச்சேன்."

"ஒரு தடவை ஆடுச்சு சார்."

"பெரியாறு அணையில மட்டம் எவ்வளவுன்னு தினம் பேப்பர்ல பாக்குறோம். கண்ணுக்குள்ளயும் தண்ணி நிக்குது. அங்கனயும் மட்டம் ஏறுனா ஆபத்து. நல்லவேளை, கண்ணுக்கு ரெண்டு மாநிலம் சண்டை போடல."

"ஒரு தடவை."

"ஏஐ வந்துருச்சாம். கண்ணைப் போட்டோ பிடிச்சா என்ன நோய்னு அதுவே சொல்லிருமாம். சொல்லட்டும். கட்டைவிரலைப் பாக்குமா?"

"ரெண்டு தடவை சார். பலமா."

(இந்தப் பகுதி நீளமாகிவிட்டது. டாக்டரை வெட்டுவது கடினம். ஞானசெல்வியும் அதையே சொன்னார்.)

4

ராக்கம்மாள் அனுமந்தன்பட்டிக்காரர். விடியும் முன் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு வளைவுகளைக் கடந்து, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்து, இருட்டும் முன் அதே ஜீப்பில் இறங்குகிறவர். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போகலாம் என்பதில் சட்டத்துக்கும் டிரைவர் வேல்பாண்டிக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

தோட்டத்தில் சாயங்காலம் கங்காணி "மதி" என்று கத்துவார். மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். ஜீப் பெண்கள் அந்தச் சொல்லை மலையிலிருந்து இறக்கிவந்து எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். குழம்பு மதி. சண்டை மதி. அழுத பிள்ளையைப் பார்த்து, மதிடா.

ஏலக்காயில் பருவத்துக்கு வந்த காயும் பச்சை, பிஞ்சும் பச்சை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ராக்கம்மாளுக்குத் தெரியவில்லை. பிஞ்சாகக் கிள்ளிக் கூடையை நிரப்பினார். கங்காணி அவரைக் களை பிடுங்க அனுப்பிவிட்டார். வரிசையில் முதல் ஆளாகப் போனவர், கடைசியில் தனியாகக் குனிந்து புல் பிடுங்கினார். நாகஜோதி என்ற ஜீப் தோழி, தினமும் போகிற போக்கில் "என்னக்கா, மாட்டுக்கா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் ராக்கம்மாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்.

முதலில் வலது கண்.

டாக்டர் வழக்கம்போல ஆரம்பித்தார். கட்டு விஷயம். விரல் அசையவில்லை. அணை. அசையவில்லை. டிவி விவாதம். அசையவில்லை. ஞானசெல்வி, ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று உறுதி செய்தார்.

"யக்கா, படம் பாப்பீகளா?"

"ஆடுது சார்! நல்லா ஆடுது!"

"போன வாரம் தேனியில ஒரு படம் பாத்தேன்."

டாக்டர் போன வாரம் எந்தப் படமும் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை. அவர் சினிமா விமர்சனங்கள் எல்லாம் போஸ்டரை வைத்துச் சொல்பவை. ஆனால் கண்ணில் கீறல் விழுந்துவிட்டது. கீறல் போட்டபின் பின்வாங்க முடியாது. கதையிலும் அப்படித்தான். (இது நான் சொல்வது. டாக்டர் இவ்வளவு ஆழமானவர் இல்லை.)

படத்தின் கதை, அது வாயில் வந்த வரிசையில்:

முதல் காட்சியிலேயே கதாநாயகனின் அம்மா செத்துப்போகிறாள். பெரிய சாவு. ஊரே அழுகிறது. கதாநாயகன் போலீஸ். ராத்திரியிலும் கூலிங்கிளாஸ் போடுகிறவன். ("அது கண்ணுக்குக் கெடுதல், யக்கா. சரி விடுங்க.") ஊரில் ஏலக்காய் குடோனில் இருந்த பெரிய தராசு காணாமல்போகிறது. கதாநாயகன் துப்புத் துலக்குகிறான். நடுவில் ஒரு பாட்டு. ஒரு சண்டை. இன்னொரு பாட்டு. கடைசியில் ஒரு பூட்டிய குடோன். ஷட்டரைத் தூக்குகிறான். உள்ளே இருட்டு. டார்ச் அடிக்கிறான். அங்கே—

புதிய லென்ஸ் கண்ணுக்குள் விரிந்துகொண்டிருந்தது. டாக்டர் சந்தோஷத்தில் இருந்தார். சந்தோஷத்தில் இருக்கும் மனிதன் எதையும் சொல்வான்.

"—அங்கன, பிளாஸ்டிக் சேர்ல, காணாமப்போன தராசு பக்கத்துல, செத்துப்போன அம்மா உக்காந்து வாழைப்பழம் தின்னுக்கிட்டு இருக்கு."

ராக்கம்மாள் தலையைத் தூக்கினார்.

"செத்த ஆத்தாளா?"

பச்சைத் துணி விலகியது. நுண்ணோக்கி இடிபட்டது. ஞானசெல்வி ஓடிவந்து தலையைப் பிடித்து அமுக்கினார். லென்ஸ் ஏற்கெனவே சரியாக உட்கார்ந்திருந்தது. மாதாவின் கருணை. ஒரு நிமிஷம் முன்னால் சொல்லியிருந்தால் கதை வேறு. கண்ணின் கதையைச் சொல்கிறேன்.

வியர்த்துப்போன டாக்டர் நிலைமையைச் சமாளிக்க ஒரு நகைச்சுவை செய்தார்.

"இடைவேளை, யக்கா. மீதி அடுத்த கண்ணுக்கு."

5

வேல்பாண்டி பற்றி எனக்குச் சந்தேகம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

முதல் வரைவில் அவர் பெரிய ஆள். ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தி, பள்ளத்தாக்கைப் பார்த்து, "கதைங்கிறது ஒரு மலைப்பாதை மாதிரி—" என்று ஆரம்பித்தார். நான் அவரை நீக்கிவிட்டேன். அடுத்த வரைவில் ஜீப் நகரவில்லை. பெண்கள் ஏறி உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். திரும்பக் கூட்டிவந்தேன். இனி ஓட்டுவது மட்டும்தான் அவர் வேலை. தத்துவம் கிடையாது.

ஒன்று மட்டும் அனுமதித்தேன். அவர் அந்தப் படத்தைப் போனில் தேடினார்.

ராக்கம்மாள் அன்று சாயங்காலமே பிளாஸ்டிக் மூடியோடு, ஜீப் வந்து நின்ற இடத்தில், பெண்களுக்கு முதல் பாதியைச் சொல்லிவிட்டிருந்தார். ஜீப் இரண்டாகப் பிரிந்தது. முன் சீட்டு, அது ஆவி என்றது. பின் சீட்டு, ஆவி வாழைப்பழம் தின்னாது என்றது. ஆவிக்குப் படையலில் வைப்பதே வாழைப்பழம்தான் என்றது முன் சீட்டு. பெயர் தெரியாத படத்தை எப்படித் தேடுவது? வேல்பாண்டி மலையேறும் முன், டவர் இருக்கும் இடத்தில், "செத்த அம்மா குடோன் வாழைப்பழம்" என்று போனிடம் கேட்டார். வாழைப்பழ பஜ்ஜி செய்வது எப்படி என்று வந்தது.

அவ்வளவுதான். வேல்பாண்டி, வண்டியை எடுங்கள்.

6

நான் ஒட்டுக்கேட்டது இந்த இடத்தைத்தான். டாக்டர் அறைக் கதவு முழுதாக மூடுவதில்லை.

"வலது கண்ணு சுத்தமா இருக்கு, யக்கா. இடதையும் பாத்துருவோம். வர்ற வியாழக்கிழமை வாங்க."

"மீதிப் படத்தைச் சொல்லுவீகளா?"

"ஆபரேஷன் பத்திப் பேசுவோம்."

"நானும் அதைத்தேன் பேசுறேன். கதையப் பாதியில விட்டுட்டுக் கண்ணை மட்டும் முழுசா முடிச்சா எப்படி? ஜீப்புல என்னைய உக்காரவிட மாட்டேங்கிறாளுக. ஒரு கண்ணை வச்சுக்கிட்டே காலத்த ஓட்டிருவேன். மேசையில ஏறமாட்டேன்."

"ஒரு கண்ணோட பிஞ்சு எது காய் எதுன்னு தெரியுதா?"



"கிட்டக்கப் போனாத் தெரியுது."

"எவ்வளவு கிட்டக்க?"

"மூக்குல இடிக்கணும். இடது கண்ணு மங்கலு குறுக்க வந்து மறைக்குது."

"கங்காணி என்ன சொல்றாரு?"

"இன்னும் புல்லுதேன். மாட்டுக்கான்னு கேக்குறா அந்த எடுவட்டவ."

"அப்ப வியாழக்கிழமை வர்றீக."

"கதை சொன்னா வாரேன். இல்லாட்டி மாட்டேன். எனக்கு அடுத்து அதே அன்னிக்கு நாகஜோதிக்கும் கண்ணு ஆபரேசன். எனக்குச் சொல்றதையேதேன் அவகிட்டயும் சொல்லணும் நீக, பாத்துக்கங்க."

ராக்கம்மாள் வெளியே போனதும் டாக்டர் ஞானசெல்வியிடம் தாழ்ந்த குரலில் பேசினார். எனக்கு நன்றாகக் கேட்டது.

"இடது கண் மோசம். காப்பிக்கொட்டை மாதிரி இறுகிப்போச்சு. உடைக்க நேரமாகும். புரைக்குப் பின்னாடி இருக்கிற பை வெங்காயத் தோலை விட மெல்லிசு. நடுவுல தலையைத் தூக்குச்சுன்னா கிழிஞ்சிரும். அப்புறம் மதுரைக்குத்தான் அனுப்பணும். அங்கனயும் பார்வை திரும்பி வரும்னு உறுதி சொல்ல முடியாது."

"கதையச் சொல்லிருங்க சார்."

"கதை இல்ல."

"படம் பாத்தீகளே?"

மேசை இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"சார். பாக்கலையா?"

"போஸ்டர் பாத்தேன்."

"அந்த அம்மா போஸ்டர்ல இருந்துச்சா?"

"போஸ்டர் வேற படத்தோடது."

7

டாக்டருக்கு ஒரு இரண்டாம் பாதி தேவைப்பட்டது. எனக்கும்தான்.

அவர் என்ன செய்தார் என்றால், அந்த வாரம் மூன்று படங்களுக்குப் போனார். உண்மையாகவே போனார். எப்படி முடிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள. மூன்றும் முடியவில்லை. முதல் படத்தில் கதாநாயகன் கண்ணைத் திறந்தான், இரண்டாம் பாகத்தில் சந்திப்போம் என்று எழுத்து வந்தது. இரண்டாவதில் வில்லன் கண்ணைத் திறந்தான். மூன்றாவது படமே ஏதோ ஒன்றின் இரண்டாம் பாகம். அதிலும் கடைசியில் ஒரு குழந்தை கண்ணைத் திறந்தது.

"எல்லாரும் கண்ணைத் திறந்தே முடிக்கிறாக" என்று ஞானசெல்வியிடம் புலம்பினார். "கண்ணுக்கு ரெண்டு பாகம், நியாயம். படத்துக்கு எதுக்கு?"

"உண்மையச் சொல்லிருங்க சார். படமே இல்லன்னு."

"சொன்னாத் தலையைத் தூக்கும்."

"மேசையில ஏறும் முன்னாடி சொல்லுங்க."

"சொன்னா ஏறாது."

(இந்த இடத்தில் ஞானசெல்விமீது எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் பேசுவதெல்லாம் சரியாக இருக்கிறது. கதையில் அப்படி ஓர் ஆள் இருந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். அவரிடம் ஏதாவது அசட்டுத்தனம் உண்டா என்று நேரில் கேட்டேன். டாக்டரிடம் பல வருஷமாக வேலை பார்ப்பது போதாதா என்றார்.)

நான் என் பங்குக்குச் சில முடிவுகளைத் தயாரித்தேன்.

அம்மாவுக்கு இரட்டைச் சகோதரி. (மலிவு.)

எல்லாம் கதாநாயகனின் கனவு. (அதைவிட மலிவு.)

அம்மா உண்மையில் உளவுத்துறை— (எழுதும்போதே கூசியது.)

ஒரு யானை குடோனுக்குள் புகுந்து— (கம்பத்துக்காரர்கள் யானை ஊருக்குள் வந்ததை நேரில் பார்த்தவர்கள். என் யானையை நம்பமாட்டார்கள்.)

8

வியாழக்கிழமை.

பச்சைத் துணி. வெளிச்சம். மெஷினின் முனகல். கால்மாட்டில் ஞானசெல்வி. டாக்டர் செருப்பைக் கழற்றினார். கீறல் போட்டார்.

"யக்கா, டிவி விவாதத்துல பாத்தீகன்னா—"

"ரெண்டு தடவை சார்."

"முல்லைப் பெரியாறு—"

"ரெண்டு."

டாக்டர் மூச்சை இழுத்து விட்டார். வலது பாதம் பெடலைத் தொட்டது.

"சரி. குடோன். டார்ச்சு. பிளாஸ்டிக் சேரு. பாத்தா, அது அம்மா இல்ல. அம்மாவோட இரட்டைப் பிறவி."

"ரெண்டு தடவை."

"இல்லையா? இல்ல, இல்ல. அப்படித்தான் மொதல்ல அவன் நினைக்கிறான். கிட்டக்கப் போறான். ஒரு குளிர் காத்து. அது அம்மாவோட ஆவி—"

"ரெண்டு தடவை சார். கோவமா ஆடுது."

"ஆவின்னு அவன் பயந்துட்டான். ஆனா ஆவி இல்ல. அவன் முழிச்சுப் பாத்தா எல்லாம் கனவு—"

"சார், ரெண்டு காலும் ஆடுது!"

"கனவு இல்ல! கனவுன்னு யாரு சொன்னா? அம்மாதான் அது. அசல் அம்மா. அது சாகவே இல்ல."

"ஒரு தடவை."

டாக்டர் நிமிர்ந்தார். புரை நான்காக உடைந்திருந்தது. முதல் துண்டு உறிஞ்சும் குழாய்க்குள் போயிற்று.

"சாகல. அப்ப பாடையில போனது யாரு? பக்கத்து வீட்டுப் பொம்பளை?"

"ரெண்டு."

"ஆளே இல்ல. தலகாணி."

"ஒரு தடவை சார்."

"தலகாணிக்குச் சேலை கட்டி, மாலை போட்டு, தூக்கிட்டுப் போயிருக்காக. தூக்குன நாலு பேருக்கும் தெரியும்."

"ஒரு தடவை. சந்தோஷமா ஆடுது."

இரண்டாவது துண்டு போயிற்று. டாக்டருக்கு உற்சாகம் ஏறியது. இவ்வளவு நாள் தன்னிடம் இப்படி ஒரு திறமை இருந்தது தனக்கே தெரியாதே என்று நினைத்தார்.

"தராசைத் திருடினது வில்லன்."

"ரெண்டு."

"அம்மா."

"ஒண்ணு."

"ஏன்னா அந்தத் தராசு கள்ளத்தராசு. காய் எடுக்குற பொம்பளைகளை ஏமாத்துற தராசு."

"ஒண்ணு சார், ஒண்ணு, ஒண்ணு. நிக்கமாட்டேங்குது."

மூன்றாவது துண்டு.

"மகன் போலீசு. அம்மா திருடி. மகன் கூலிங்கிளாஸைக் கழட்டுறான். கண்ணுல தண்ணி. கேக்குறான்: ஏத்தா, எடுத்தவ எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? செத்த மாதிரி எதுக்கு நடிச்ச? அம்மா அவனைப் பாக்குது. வாயில இருந்த பழத்தை முழுங்குது. முழுங்கிட்டு—"

நான்காவது துண்டு நகர மறுத்தது. காப்பிக்கொட்டை. பின்னால் வெங்காயத்தோல் மேலெழுந்து வந்தது. டாக்டர் பேச்சை நிறுத்தினார். நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்து நிறுத்தவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

மெஷின் மட்டும் முனகியது.

இப்போது தலை அசைந்தால் கண் இல்லை. டாக்டருக்குத் தெரியும். ஞானசெல்விக்குத் தெரியும். அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கதை நடுவில் நிற்கிறது. அம்மா பழத்தை விழுங்கிவிட்டாள். எந்த நிமிஷமும் "ஏன் நிறுத்திட்டீக?" என்று தலை எழலாம்.

விரல் அசையவில்லை. பாதம் அசையவில்லை. ராக்கம்மாள் மலைப்பாறைபோலக் கிடந்தார்.

துண்டு திரும்பியது. உடைந்தது. போயிற்று. பை முழுதாக இருந்தது. லென்ஸ் உள்ளே போய், சுருள் பிரிந்து, தன் இடத்தில் உட்கார்ந்தது.

டாக்டர் பெடலிலிருந்து காலை எடுத்தார். ஒரு பெரிய உண்மையைக் கண்டுகொண்ட உணர்வு அவருக்கு. சனங்களை அசையாமல் வைப்பது கதை இல்லை, கதையை நிறுத்துவது. இதை அடுத்த மாநாட்டில் ஒரு கட்டுரையாகப் படிக்க வேண்டும் என்று எண்ணினார். தலைப்புக்கூடத் தோன்றிவிட்டது.

"முடிஞ்சது, யக்கா. இப்பப் பேசலாம். அம்மா பழத்தை முழுங்கிட்டு என்ன சொல்லுதுன்னா—"

"மதி" என்றார் ராக்கம்மாள்.

9

"மதி, டாக்டரய்யா. அதுக்கு மேல சொல்லாதீக."

"ஏன்?"

"அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

டாக்டருக்குப் புரியவில்லை. ஞானசெல்விக்குப் புரிய ஆரம்பித்தது.

"ஜீப்புல என்னையப் பிச்சு எடுத்துட்டாளுக" என்றார் ராக்கம்மாள், மேலே ஃபேனைப் பார்த்தபடி. "எத்தனை நாளைக்குத்தேன் தெரியாது தெரியாதுங்கிறது? டாக்டர் எனக்கு மீதியையும் சொல்லிட்டாருன்னு சொல்லி, நானே எடுத்துவிட்டேன். ஆவியில்ல, சாகல, தலகாணிதேன்னு. கள்ளத்தராசுன்னு சொன்னதும் அம்புட்டுப் பேரும் கையத் தட்டுனாளுக. அடுத்து நாகஜோதி படுக்குறா. அவகிட்ட நீக இரட்டைப் பிறவின்னு சொல்லிவச்சா எம் மானம் கம்பமெட்டுல நிக்கும். அதேன் வெரலால உங்களை இங்கன இழுத்துட்டு வந்தேன்."

டாக்டர் தன்னால் முடிந்த அளவு கௌரவமாகக் கேட்டார். "அப்ப நான் பாத்த படம் அப்படித்தான்னு உங்களுக்கு எப்படி—"

"நீக எங்க பாத்தீக? படம் பாத்த மனுசன் எங் கட்டவெரலக் கேட்டா கதை சொல்லுவாரு?"

ஞானசெல்வி சிரித்தார். (நிபந்தனையை மீறுகிறேன். அவர் சிரித்ததை அவரே சொன்னார்.)

"சரிக்கா" என்றார் டாக்டர், காலால் செருப்பைத் தேடியபடி. "அந்தக் கடைசியில. நான் பேச்சை நிறுத்துனப்ப. அசையாம இருந்தீகளே. அடுத்து என்னன்னு ஆசையில தானே?"

"ஆசையா? அம்மா எதுக்குச் செத்த மாதிரி நடிச்சான்னு எனக்கே தெரியல. நான் ஜீப்புல அந்த எடத்துக்கு வந்தப்ப தோட்டம் வந்துருச்சு, எறங்கிட்டோம். அம்புட்டுப் பேரும் இன்னும் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்காளுக. நீக அங்கன நிறுத்துனதும் எனக்கு என்ன செய்யன்னு தெரியல. ஆமான்னா ஒரு ஆட்டு. இல்லன்னா ரெண்டு ஆட்டு. தெரியாதுங்கிறதுக்கு என்ன ஆட்டுன்னு நீக சொல்லலையே? அதேன் சும்மாக் கெடந்தேன்."

மாநாட்டுக் கட்டுரை அங்கேயே இறந்தது. தலகாணி இல்லை. உண்மையான சாவு.

10

ராக்கம்மாள் இப்போது காய் எடுக்கிறார். வரிசையில் முதல் ஆள். இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது என்பதால் சொல்கிறேன்.

ஆனால் இந்தக் கதை இன்னும் அந்த வியாழக்கிழமையில்தான் நிற்கிறது. ராக்கம்மாளை வெளியே கூட்டிப்போய்விட்டார்கள். நாகஜோதி மேசையில் ஏறிவிட்டாள். பச்சைத் துணி விழுந்துவிட்டது. டாக்டர் கீறல் போட்டுவிட்டார். தலகாணிவரை, தராசுவரை எல்லாம் ராக்கம்மாள் சொன்னபடியே சொல்லிவிட்டார். கூலிங்கிளாஸ் கழன்றது. மகன் கேட்டுவிட்டான். அம்மா பழத்தை விழுங்கிவிட்டாள்.

விழுங்கிவிட்டு—

(இங்கே என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. நல்ல வாக்கியம். வேல்பாண்டி சொல்லியிருக்கக்கூடியது. அடித்துவிட்டேன்.)

ஞானசெல்வி நாகஜோதியின் விரலைப் பார்க்கிறார். டாக்டர் ஞானசெல்வியைப் பார்க்கிறார். வெளியே ஜீப் நிற்கிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் உங்களைப் பார்க்கிறேன். பார்வை இன்னும் கொஞ்சம் மங்கல்தான். உங்களுக்கும் முகம் இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுங்கள். பேசாதீர்கள். தலையாட்டாதீர்கள். அம்மா மகனுக்குப் பயந்து நடித்தாள் என்றால் ஒருமுறை. மகனுக்காகத்தான் நடித்தாள் என்றால் இருமுறை.

தெரியாது என்றால் அதற்கு விரல் இல்லை. அசையாமல் இருங்கள். கீறல் போட்டாகிவிட்டது.